ஆட்டம் செத்துவிட்டதா? ஆட்டக்காரர் தொகையை அளப்பது பற்றிச் சில எண்ணங்கள்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் கைப்பேசி விளையாட்டைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு சிலருக்கு வருத்தமும் அளிக்கலாம். இலக்கணமும் இலக்கியமும் கேட்க வந்தவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். இத்தலைப்பை நாம் தேடிச் செல்லவில்லை. போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது அதுவே நம்மிடம் வந்து சேர்ந்தது.

அன்று மாலை, கோயிலுக்குப் பின்புறமிருந்த பழைய திடலின் ஓரத்தில், மூன்றாம் படிவம் அல்லது நான்காம் படிவம் பயிலும் வயதுடைய பிள்ளைகள் ஐவர் கைப்பேசிகளுடன் அமர்ந்திருந்தனர். அவர்களுக்குள் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. “டேய், இந்த கேம் செத்துப் போச்சு லா. பழைய ஆளுங்க யாருமே இல்ல,” என்றான் ஒருவன். “பத்து வினாடியில ஆள் கிடைக்குது, எப்படிச் செத்துச்சுன்னு சொல்ற?” என்றான் மற்றவன். “கிடைக்கிறவன்ல பாதிப் பேரு ரோபோடா,” என்றான் மூன்றாமவன். அருகில் பலகையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம தோட்டத்தப் பத்தியும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க, ஐயா,” என்றார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தப் பேச்சு பிறந்தது. ஒரு கூட்டம் நலமாக இருக்கிறதா, நலிந்துகொண்டிருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது? இணைய விளையாட்டின் ஆட்டக்காரர்களும் ஒரு கூட்டம்தான். தோட்டத்து மக்களும் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் அப்படியே. மாணவர்கள் நாள்தோறும் வழக்காடும் முதல் கூட்டத்தைக் கொண்டு மற்றவற்றை நோக்கும் முறையைச் சிறிது கூர்மைப்படுத்த முடியுமா என்று பார்ப்போம்.

முதலில், எண்ணிக்கை என்ற சொல்லுக்குள் எத்தனை எண்ணிக்கைகள் அடங்கியுள்ளன என்று காண வேண்டும். பத்துக் கோடி முறை பதிவிறக்கம் செய்யப்பட்டது என்று ஒரு விளையாட்டு விளம்பரம் செய்யும். இது, பள்ளி தொடங்கிய நாளிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டே போவது போன்றது. படித்து முடித்துச் சென்றவரும், பாதியில் நின்றவரும், மறைந்தவரும் அதில் இருப்பர். அந்தத் தொகை ஒருபோதும் குறையாது. அடுத்தது, ஒரு திங்களில் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்தவர் தொகை. அதற்கடுத்தது நாள்தோறும் வருவோர் தொகை. இவை எல்லாவற்றையும்விடச் சிறியது, ஒரே வேளையில் களத்தில் நிற்போர் தொகை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் இந்த இறுதித் தொகையை எல்லாரும் காணும்படி வெளியிடுகிறது. 2016 மார்ச்சில் டோட்டா 2 என்ற விளையாட்டில் ஒரே வேளையில் 12 இலட்சத்து 90 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

நம் பிள்ளைகள் பெரிதும் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ், பப்ஜி மொபைல், ஃப்ரீ ஃபயர் ஆகிய கைப்பேசி விளையாட்டுகளுக்கு இத்தகைய திறந்த அளவுகோல் கிடையாது. நிறுவனம் சொல்வதே கணக்கு. ஆகவே திடலோரத்தில் வழக்காடிய ஐவரிடமும் சான்று என ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பட்டறிவை உலக உண்மையாக்கி வாதாடினர். பெரியவர்களாகிய நாம் தமிழின் நிலையைப் பற்றிப் பேசும்போது செய்வதும் பெரும்பாலும் இதுவே என்பதை இங்கே ஒத்துக்கொண்டு மேலே செல்வோம்.

திருவிழாவிற்கே திரும்புவோம். அன்றிரவு அத்தோட்டத்தில் கூட்டம் நெரிந்தது. சிரம்பானிலிருந்தும் நீலாயிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்கூட, அங்கே பிறந்து வளர்ந்து வெளியேறியவர்கள் தேர் பார்க்க வந்திருந்தனர். வண்டி நிறுத்த இடமில்லை. மறுநாள் காலை அதே பாதையில் நடந்தபோது, லயத்து வீடுகளில் சில குடும்பங்களே மிஞ்சியிருந்தன. நாய்கள் வாழையிலைக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. எந்த நாளின் தலையெண்ணிக்கை அத்தோட்டத்தின் எண்ணிக்கை? முதல் நாளிரவை மட்டும் கண்டவர் தோட்டம் செழித்திருக்கிறது என்று எழுதுவார். மறுநாளை மட்டும் கண்டவர் இரங்கற்பா எழுதுவார்.

விளையாட்டுகளுக்கும் தேர்த்திருவிழா உண்டு. புதிய பருவம் தொடங்கும் நாள், புதிய வீரர் அறிமுகமாகும் நாள், உலகப் போட்டி நடைபெறும் வாரம் ஆகியவை அவை. 2019 நவம்பரில் மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி கோலாலம்பூர், புக்கிட் ஜாலில் அக்சியாட்டா அரங்கில் நடைபெற்றது. 2024 இறுதியில் அப்போட்டி மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது. அதே ஆண்டு ரியாத் நகரில் நடந்த இடைப்பருவக் கிண்ணத்தைச் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் என்ற மலேசியக் குழு வென்றது. அந்நாள்களில் எந்த மாணவரைக் கேட்டாலும் ஆட்டம் உச்சத்தில் இருப்பதாகவே சொல்லியிருப்பார். உச்சம் உண்மைதான். ஆனால் உச்சத்தைக் கொண்டு உடல்நலத்தை அளக்க இயலாது. 2021 செப்டம்பர் இறுதியில் அமேசான் நிறுவனம் வெளியிட்ட நியூ வேர்ல்ட் என்ற விளையாட்டில், வெளியான சில நாள்களுக்குள் ஒரே வேளையில் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் குவிந்தனர். அடுத்த சில திங்களிலேயே அதில் பெரும்பகுதி கலைந்துவிட்டது.

அப்படியானால் சிறிய எண்ணிக்கை என்றால் என்ன? எத்தனைக்குக் கீழே போனால் ஒரு கூட்டம் தாங்காது? இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாணவர்கள் தாளில் எழுதிக்கொள்ளலாம்.

ஓர் அணிக்கு ஐவராக, பத்துப் பேர் கூடினால்தான் ஓர் ஆட்டம் என்று கொள்வோம். ஒரே வேளையில் 10,000 பேர் களத்தில் இருக்கிறார்கள். இது பெருங்கூட்டம் போலத் தோன்றும். ஆனால் விளையாட்டு நிறுவனம் இவர்களை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கு வகை ஆட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு வகையிலும் திறனுக்கேற்ப ஆறு படிநிலைகள். மூன்றை நான்காலும் ஆறாலும் பெருக்கினால் 72 பிரிவுகள். ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 139 பேர். ஓர் ஆட்டம் 15 நிமிடம் நீடிக்குமெனில், அந்தப் பிரிவில் சற்றேறக்குறைய 14 ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும். நிமிடத்திற்கு ஒன்று முடியும். ஆகவே புதிதாய் வருபவர் ஒரு நிமிட அளவில் இடம் பெற்றுவிடுவார். இதுவரை குறையில்லை.

இப்போது பின்னிரவு. களத்தில் 1,000 பேர். ஒரு பிரிவுக்கு 14 பேர். பத்துப் பேர் ஓர் ஆட்டத்தில் நுழைந்துவிட்டனர். எஞ்சிய நால்வர் அந்த ஆட்டம் முடியும்வரை 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். எத்தனை பேர் காத்திருப்பர்? இருவர் கைப்பேசியை அணைத்துவிட்டு உறங்கப் போவார்கள். அடுத்த சுற்றில் பன்னிருவர். அவர்களுள் எஞ்சிய இருவரும் காத்திருந்து சலித்துப் போவார்கள். மிஞ்சிய பத்துப் பேரில் ஒருவருக்குத் தூக்கம் வந்தால் போதும், ஒன்பது பேருக்கும் ஆட்டம் இல்லை. மொத்தத் தொகை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது; ஆனால் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து முடிவின்மைக்குப் போய்விட்டது. குறைவு ஏணிப்படி போல ஒவ்வொன்றாக இறங்குவதில்லை. ஓர் இடம் வரை சமதரையாக இருந்து, அதற்கப்பால் செங்குத்தாக விழுகிறது.

நிறுவனங்கள் இவ்விடத்தில் இரண்டு உபாயங்களைக் கையாளுகின்றன. ஒன்று, காலியிடத்தைக் கணினியே இயக்கும் பொய்யாட்டக்காரரைக் கொண்டு நிரப்புவது. பப்ஜி மொபைலின் தொடக்க நிலைகளில் இத்தகையோர் நிறைந்திருப்பதை ஆடியவர் அறிவர். மூன்றாமவன் சொன்னது முழுப்பொய் அன்று. மற்றொன்று, பிரிவுகளை இணைத்து, வல்லவரையும் புதியவரையும் ஒரே களத்தில் இறக்குவது. ஆள் விரைவில் கிடைப்பார்; ஆனால் புதியவர் தம் முதல் மூன்று ஆட்டங்களிலும் மிதிபட்டு, “நூப்” என்று ஏசப்பட்டு, நான்காவது ஆட்டத்திற்கு வரமாட்டார். பத்து வினாடியில் ஆள் கிடைத்ததாக மகிழ்ந்தவன் இந்த விலையைக் கவனித்திருக்க மாட்டான்.

இந்தச் செங்குத்து வீழ்ச்சியை உயிரியலார் வெகு முன்பே கண்டிருக்கின்றனர். வார்டர் கிளைட் ஆலி என்ற அமெரிக்க விலங்கியலறிஞர் 1930களில் தங்கமீன்களைக் கொண்டு ஆய்வு செய்தார். வெள்ளித்துகள் கலந்து நஞ்சாக்கப்பட்ட நீரில் தனியாக விடப்பட்ட மீன்கள் விரைவில் மடிந்தன. கூட்டமாக விடப்பட்டவை நீண்டு வாழ்ந்தன. மீன்களின் உடலிலிருந்து வெளிப்படும் பொருள் நஞ்சைக் கட்டிப் படிய வைத்தது. பல மீன்கள் இருக்கையில் ஒவ்வொன்றின்மீதும் விழும் சுமை குறைந்தது. நெருக்கடி என்றால் கூட்டம் மிகுவது என்றே பலர் எண்ணுகின்றனர். கூட்டம் குறைவதும் ஒரு நெருக்கடியே என்பதை ஆலி காட்டினார். அது இன்றும் அவர் பெயராலேயே ஆலி விளைவு எனப்படுகிறது.

இனி நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வருவோம். இங்கே பலர் லாபு, ரந்தாவ், பகாவ், கிம்மாஸ் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துக் குழு இருந்தது. பதினொருவர் வேண்டும், மாற்றுக்கு இருவர். ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோது, அதே நிலத்திற்குக் குறைந்த கைகளே போதுமாயிற்று. அதற்கு முன்பே 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் குடும்பங்களைக் கலைத்திருந்தது. பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடல் என்ற இச்சொல் நம் மக்களின் நாவில் நிலத்தை மட்டும் குறிக்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். மேலே போட்ட 72 பிரிவுக் கணக்கும் ஒரு துண்டாடல்தான். தொகை அப்படியே இருந்தாலும் துண்டுகள் சிறுத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது.

தோட்டத்தில் முதலில் நின்றது காற்பந்து. கோயில் நிற்கவில்லை, ஏனெனில் கோயிலுக்குப் பதினொருவர் தேவையில்லை, ஒரு பூசாரியும் விளக்கேற்ற ஒரு கையும் போதும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு, அவை ஒன்றல்ல. சடுகுடுவுக்கு எழுவர் எழுவராகப் பதினால்வர் வேண்டும். பட்டிமன்றத்திற்கு ஒரு நடுவரும் இரு பக்கமும் வேண்டும். பல்லாங்குழிக்கு இருவர். நூல் வாசிக்க ஒருவர். ஆகவே ஒரு கூட்டம் செத்துவிட்டதா என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற கேள்வி. அதனால் இப்போது எது இயலும், எது இயலாது போயிற்று என்று கேட்டால் விடை கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய வழக்கிலும் இதே தெளிவு வேண்டியிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகளும் ஏறத்தாழ 50,000 மாணவர்களும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஐம்பதாண்டுகளுக்குப் பின் பள்ளிகள் 520 அளவுக்குச் சுருங்கின; மாணவர் தொகையோ ஓர் இலட்சத்தைக் கடந்திருந்தது. பள்ளிகளை எண்ணியவர் அழிவு என்றார். மாணவரை எண்ணியவர் வளர்ச்சி என்றார். இருவர் கணக்கும் சரி. அதன்பின் மாணவர் தொகையும் இறங்கி, அண்மைய ஆண்டுகளில் 80,000 என்ற அளவில் நிற்கிறது. இந்த இறக்கத்தைக் கண்டவுடன் பெற்றோர் தமிழைக் கைவிட்டனர் என்று மேடைகளில் முழங்குகிறோம். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் மலேசிய இந்தியரின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.5 குழந்தைக்கும் கீழே சென்றுவிட்டது என்பதை அம்மேடைகள் அரிதாகவே சொல்கின்றன. தலைமுறை தன்னை நிரப்பிக்கொள்ள 2.1 வேண்டும். பிறவாத குழந்தையை எந்தப் பள்ளியும் சேர்க்க முடியாது. ஆட்டத்தை விட்டு விலகியவர் தொகையையும், ஆட்டத்திற்கு வந்தே இராதவர் தொகையையும் ஒன்றாகக் கலந்தால் நோய்க்குத் தவறான மருந்தே கிட்டும்.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்பவை. கணிசமானவை 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட, கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துபவை. அப்பள்ளிகள் நலமாக உள்ளனவா? நம் விடை, எதற்கு என்று கேட்பதில் தொடங்குகிறது. ஆறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் எழுத்தறிவு குறைவதற்குக் காரணம் ஏதுமில்லை. ஆசிரியரின் பார்வை ஒவ்வொரு பிள்ளையின்மீதும் விழும். கற்றலுக்கு அது போதுமான தொகை, சில நேரம் நல்ல தொகை. ஆனால் அதே பள்ளியால் காற்பந்துக் குழு அனுப்ப இயலாது. பாடகர் குழு அமைக்க இயலாது. பிள்ளைக்குத் தன் வயதில் சண்டையிட்டுச் சமாதானமாகப் பத்து முகங்கள் கிடையா. இரண்டையும் ஒருங்கே சொல்லத் துணிவு வேண்டும். சிறிய பள்ளி செத்த பள்ளி என்பது பொய். சிறிய பள்ளிக்கு ஒரு குறையும் இல்லை என்பதும் பொய்யே.

மொழி மன்றத்தில் நிற்கிறோம் ஆதலால், இனி நமக்கு மிக நெருக்கமான கீழ்வரம்பு ஒன்றைப் பார்ப்போம். ஆட்டத்தில் ஐவரும் தம் நண்பர்களாயின், நம் பிள்ளைகள் ஒலிவாங்கியில் தமிழில்தான் கத்துகிறார்கள். “பின்னால வா, கோட்டைய காப்பாத்து” என்ற ஓசையைத் திடலோரத்தில் நாமே கேட்டோம். அவர்களுள் ஒருவன் இரவுணவுக்கு எழுந்து போனான். அவன் இடத்தில் அறியாத ஒருவர் வந்து சேர்ந்தார். மறுகணமே பேச்சு மலாய்க்கு மாறியது, இடையிடையே ஆங்கிலம். யாரும் முடிவெடுக்கவில்லை, யாரும் தமிழை வெறுக்கவில்லை. ஐவரில் நால்வர் தமிழர். ஆயினும் தமிழ் நின்றுவிட்டது. ஒருவருக்கு விளங்க வேண்டும் என்ற பண்பினால் நேர்ந்தது அது, குறைசொல்ல இடமில்லை. ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரு மொழியைப் பேசுவோர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் மட்டும் கூடும் வேளைகள் எத்தனை என்பதே அம்மொழியின் புழக்கத்தைத் தீர்மானிக்கிறது. லயத்து வீடுகளின் வரிசை அத்தகைய வேளைகளைக் கேட்காமலே தந்தது. நீலாயிலோ செண்டாயானிலோ எழும் அடுக்கு வீடுகளும் தரைவீடுகளும் தருவதில்லை. மக்கள்தொகைக் கணக்கில் தமிழர் அப்படியே இருப்பர். துண்டுகள் மட்டும் சிறுத்திருக்கும்.

இனி அந்த வழக்கின் மறுமுகம். செத்துவிட்டது என்று சொல்வதே சாகடிக்குமா? 1948இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலறிஞர் தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்கணிப்பு என்ற கருத்தை விளக்கக் கற்பனையான வங்கி ஒன்றைக் காட்டினார். வங்கி நலமாகவே இருந்தது. முறிந்துவிடும் என்று வதந்தி பரவியது, எல்லாரும் பணத்தை எடுக்க ஓடினர், வங்கி முறிந்தது. விளையாட்டு உலகில் இது நாள்தோறும் நிகழ்கிறது. ஆள் இல்லாத ஆட்டத்தில் யார் நேரத்தைப் போடுவார்? பணம் கொடுத்து உடை வாங்கிய வீரன் நாளை மறையப் போகிறான் என்றால் யார் வாங்குவார்? தோட்டத்துப் பள்ளிக்கும் முதலாம் ஆண்டுப் பதிவுக் காலத்தில் இதுவே நேர்கிறது. “அந்தப் பள்ளிய மூடப் போறாங்களாமே, அக்கா” என்று ஒரு தாய் மற்றொரு தாயிடம் சொல்கிறார். இருவரும் பிள்ளைகளை வேறிடத்தில் பதிகின்றனர். வதந்தி மெய்யாவதற்கு இரண்டு பிள்ளைகள் போதும். ஆறு பேர் உள்ள வகுப்பில் இரண்டு என்பது மூன்றில் ஒன்று.

இதனைக் கண்டு, எண்ணிக்கையையே வெளியில் சொல்ல வேண்டாம் என்று கருதுவோரும் உளர். அதுவும் முன்பே செய்து பார்க்கப்பட்டது. 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010இல் ஒரு கோடியே 20 இலட்சம் சந்தாதாரரை எட்டியது. 2015இல் அத்தொகை 55 இலட்சமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில், இனிச் சந்தாதாரர் தொகையை வெளியிடுவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. ஆட்டம் அதனால் சாகவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் எண் மறைந்த நாளிலிருந்து ஊகம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மறைப்பது அச்சத்தைத் தணிப்பதில்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில், புள்ளிவிவரத்தைக் கேட்டவரை எதிரியாக நோக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட்டால் நல்லது.

செத்தது என முடிவு கட்டப்பட்டவை எழுந்ததும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற விளையாட்டு 2010இல் தோல்வியாகப் பிறந்தது. உரிய நிறுவனம் தோல்வியை வெளிப்படையாக ஒப்பி, 2012இல் மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தது. 2021 டிசம்பரில் வந்தவரை எல்லாம் உள்ளே விட இடமின்றி அந்த விளையாட்டின் விற்பனையையே சிறிது காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. சிட்டி ஆஃப் ஹீரோஸ் கதை வேறு. 2012 நவம்பர் 30 அன்று அதன் கணினிகள் அணைக்கப்பட்டன. ஆட்டக்காரர் சிலர் தாமாகவே அதை இயக்கிக் காத்தனர். 2024 சனவரியில் உரிமையாளரே அவர்களுள் ஒரு குழுவுக்கு முறையான உரிமம் வழங்கினார். அமங் அஸ் 2018இல் வெளியாகி, ஏறத்தாழ ஈராண்டுகள் மிகச் சிலராலேயே ஆடப்பட்டு, 2020இல் உலகெங்கும் பரவியது. சிறுத்திருந்த காலத்தில் அதை ஆக்கிய சிறு குழு அதைக் கைவிடவில்லை.

இவற்றைச் சொல்லி எல்லாம் மீளும் என்று ஆறுதல் கூற நமக்கு விருப்பமில்லை. எட்டாண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட கான்கார்ட் 2024 ஆகஸ்டு 23இல் வெளியாகி, செப்டம்பர் 6இல் அணைக்கப்பட்டது. ஸ்டீம் தளத்தில் அதன் உச்சம் 697 பேர். மேலும் ஆட்டம் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை காத்திருக்காது. ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது. முறிவதை முறிந்ததாகவே விடுவோம். பள்ளியை மூடிப் புதிதாகக் கட்டித் திறக்கலாம் என்பது, உரிமத்தைத் தோட்டத்திலிருந்து மக்கள் குடியேறிய நகர்ப்புறத்திற்கு மாற்றும் முயற்சியாக நம் நாட்டில் நடந்தே வருகிறது. நிலம், கட்டடம், அனுமதி எனப் பல ஆண்டுகள் அதற்காகும். அவ்வாண்டுகளில் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் பிள்ளைகள் யார் கணக்கில் வருவர் என்ற கேள்விக்கு நம்மிடம் எளிய விடையில்லை. பேருந்து ஒன்று விடையாகலாம். பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து ஒரு காற்பந்துக் குழு, ஒரு நாடகக் குழு அமைப்பது விடையாகலாம். பிரிவுகளை இணைப்பதில் உள்ள கேட்டை முன்பு சொன்னோம். புதியவரை மிதிக்காதபடி இணைக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. கைப்பேசி விளையாட்டில் அதைச் செய்ய ஆளில்லை; பள்ளியில் ஆள் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்மொழிக் கழகத்தின் புறப்பாட நேரத்தில், மாணவர்கள் தாம் ஆடும் விளையாட்டைப் பற்றி ஒரு தவணை முழுவதும் குறிப்பேடு எழுதட்டும். ஆள் கிடைக்க எத்தனை வினாடி ஆயிற்று, எந்த நேரத்தில்; அன்று எத்தனை புதியவரைக் கண்டார்கள், அவர்களுள் யார் அடுத்த வாரமும் வந்தார்கள்; எத்தனை பேர் பாதியில் ஓடினர்; எந்த மொழியில் பேச்சு நடந்தது, எப்போது மாறியது. மறுபக்கத்தில் தம் கழகத்தைப் பற்றியும் அதே கேள்விகளுக்கு விடை எழுதட்டும். முதல் கூட்டத்திற்கு நாற்பது பேர் வந்து ஆறாம் கூட்டத்திற்கு ஒன்பது பேர் வரும் கழகங்களை நாம் அறிவோம். அவற்றின் ஆண்டறிக்கையில் நாற்பது என்றே எழுதப்பட்டிருக்கும். ஒன்பது என்று எழுதி, முப்பத்தொருவரும் எந்தக் கூட்டத்தோடு நின்றார்கள் என்பதையும் எழுதினால், அடுத்த ஆண்டின் செயலாளர் எங்கே தொடங்குவது என்று அறிவார்.

இத்தகைய அட்டவணைத் தாள்களை அரங்கின் வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். நேரக்கட்டம் தொழுகை நேரத்தையும் உணவு நேரத்தையும் விலக்கி அமைக்கப்பட்டுள்ளது. தோட்டப்புறங்களில் இணைய இணைப்பு அறும் மணிகளைக் குறிக்கத் தனிக் கட்டமும் உண்டு. அது இல்லாமல் போனால், இணைப்பு அறுந்தவரையும் ஆட்டத்தை வெறுத்து ஓடியவரையும் ஒன்றாக எண்ணிவிடுவோம். திடலோரத்து ஐவரில் இருவருக்கு இத்தாளை முன்பே கொடுத்திருக்கிறோம். ஆட்டம் செத்துவிட்டது என்று சொன்னவனும் வாங்கிக்கொண்டான். இரண்டு வாரக் குறிப்பை அவன் அனுப்பியிருக்கிறான்: இரவு ஒன்பது மணிக்கு எட்டு வினாடி, பின்னிரவு ஒரு மணிக்கு நான்கு நிமிடம். ஓரத்தில் பென்சிலால், “ஒரு மணிக்கு ஏன் விளையாடினேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஐயா” என்றும் எழுதியிருக்கிறான்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்போம்.